ரெண்டு கை அக்கா

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். குளிர் காலத்தில் நானும் அப்படிப் பிடிப்பேன். எங்கள் அக்கா கொளுத்தும் வெயிலிலும் அப்படித்தான் பிடிப்பாள். டம்ளர் மட்டுமா? பால் பாக்கெட், குடை, பஸ் டிக்கெட் என எதைக் கொடுத்தாலும் ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். தண்ணீர் வாளியைக்கூடப் பிடியைத் தொடாமல் கட்டிப்பிடித்துத்தான் தூக்குவாள். கேட்டால், "பிடி இருக்கிற எதையும் பிடியால தூக்கக் கூடாதுடி, அதுதான் மொதல்ல கழண்டு வரும்" என்பாள். நாங்கள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் அவளுக்கு 'ரெண்டு கை அக்கா' என்று பெயர் வைத்தது நான்தான். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அடுத்தவர்களுக்குப் பெயர் வைப்பதைத் தவிர வேறு என்ன வேலை? எங்களிடம் வருகிற கூட்டத்தை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. தினமும் மதியம் அவளோடு சேர்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அப்படி ஆகிவிட்டாள்.

வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் முன்கட்டிடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும். அதைப்போல் பல மடங்கு பொருள்கள் பின்கட்டிடத்தில், கிடங்கில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ஓடாத கடிகாரங்கள், பஞ்சடைத்த பறவைகள், மரத்தில் செய்த படகு மாதிரிகள், யாரோ ஒரு வைத்தியர் வைத்திருந்த குப்பிகள், பஞ்சில் படுத்திருக்கும் பறவை முட்டைகள். அக்கா அந்தக் கிடங்கின் உதவியாளர். கிடங்குக்குப் பின்னாலேயே ஓர் அறையும் சமையல் மேடையுமாகச் சின்னக் குவார்ட்டர்ஸ். வேலையும் வீடும் ஒரே வளாகத்தில் இருந்ததால் அவள் தெருவைப் பார்ப்பதே அபூர்வம்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் கதவைப் படார்னு சாத்தினாங்க, எனக்குப் பிடிக்கல" என்று சிரிப்பாள். உண்மை அதுவல்ல. பெற்றோர் சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பியைப் படிக்க வைத்து, ஆளாக்கி, வேலைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பெண் கேட்டு வருவது நின்று போயிருந்தது. தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவான். பாதி நேரம் போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். அக்கா அவன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை பத்திரிகையிலிருந்து வந்த ஒரு பெண், "இந்தப் பொருள்களோட பேசுவீங்களா?" என்று உருக்கமாகக் கேட்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுங்களுக்குக் காது இல்லம்மா. எனக்குத்தான் இருக்கு. பேசத்தான் ஆள் இல்ல." அந்தப் பெண் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஆள் இல்லை என்று அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை. தச்சர் இருந்தார்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பழைய அதிகாரி ஒருவர், நான் வேலைக்குச் சேரும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டவர், போட்டு வைத்த சட்டம் அது. எதை எடுத்தாலும் இருவர் வேண்டும், ஊசியாக இருந்தாலும் சரி. ஒருவர் பொருளைத் தூக்க வேண்டும். மற்றவர் முன்னால் நடந்து, கதவைத் திறந்து, வழி சொல்ல வேண்டும். தூக்குகிறவர் வாய் திறக்கக் கூடாது, காலையும் பார்க்கக் கூடாது. கண் பொருள்மேல் இருக்க வேண்டும், காது முன்னால் போகிறவர்மேல்.

தூக்குவது அக்கா. முன்னால் நடப்பது தச்சர். பெட்டியும் அலமாரியும் செய்வதுதான் அவர் வேலை. மனைவியை இழந்தவர். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். பொருளை எடுக்கும் நேரம் வந்தால் உளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நிற்பார். "வாசல்." "இடது." "படி." "இன்னொரு படி." "குனியணும்." இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது மொத்தத்தையும் ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அதிலும் அக்கா பேசியது எதுவும் இருக்காது. அவள்தான் தூக்குகிறவள் ஆயிற்றே.

அவரை அவள் 'அண்ணா' என்று கூப்பிட்டதில்லை. 'சார்' என்றும் இல்லை.

"ஒருத்தரை ஒண்ணுமே சொல்லாம எப்படிக்கா இத்தன வருஷம் கூப்பிட முடியும்?" என்று கேட்டேன்.

"முடியும். பொருளைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாப் போதும். அவரே வந்துடுவாரு."

அவருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் என்னை முன்னால் நடக்க விட்டார்கள். நான் முன்னால் போவதா? "அக்கா, நேத்து எங்க வீட்டுல என்ன கூத்து தெரியுமா" என்று ஆரம்பித்து, வாசலையும் படியையும் கதைக்கு நடுவில் மறந்தேன். நிலைப்படியில் அவள் கால் இடித்தது. கையிலிருந்த குப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொண்டு போய் வைத்துவிட்டு வந்தபிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ முன்னால போனா பொருளும் போகும், நானும் போய்ச் சேருவேன். அவரு எப்படித் தெரியுமா? தன் காலை அந்தப் படியில வெச்சு, அமுக்கிப் பாத்துட்டுத்தான் வாயத் திறப்பாரு." அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தைப் பார்த்து அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கிடங்கின் கூரை ஒழுகி, பறவைகளின் இறகில் பூஞ்சை பிடித்தது. ஊருக்கு வெளியே புதிய கிடங்கு கட்டினார்கள். ஜன்னலே கிடையாது. எப்போதும் ஒரே குளிர். ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டிகள், தானாகத் திறக்கும் கதவுகள். தரை ஒரே மட்டம், எங்கேயும் படி இல்லை. பழைய கிடங்கையும் அக்காவின் குவார்ட்டர்ஸையும் இடித்துவிடப் போகிறார்கள். இடமாற்றம் முடிகிற மாதமே தச்சருக்கும் ஓய்வு. மகள் வேறு ஊரில் இருக்கிறாள், அங்கே போய்விடப் போகிறார் என்று பேச்சு.

இடமாற்றத்தை நடத்தியவர் புதிதாக வந்த அதிகாரி. நாங்கள் 'மேடம்' என்போம். நல்ல மனுஷிதான், எதிலும் அவசரம் மட்டும் கொஞ்சம் அதிகம். அக்காவைக் கூட்டிப்போய்ப் புதிய இடத்தைக் காட்டினார். "இனிமே உங்களுக்கு முன்னால ஆளே வேண்டாம். நீங்க வண்டியைத் தள்ளினாப் போதும், கதவு தானாத் தொறக்கும்."

"தொறக்கும், சரி. படி சொல்லுமா மேடம்?" என்றாள் அக்கா.

"இங்கதான் படியே இல்லையே!" என்று மேடம் சிரித்தார். அக்கா வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூட்டை கட்டும் வேலை வாரக்கணக்கில் நடந்தது. பெரிய பொருள்களை லாரி கம்பெனி ஆட்கள் தூக்கினார்கள். உடையக்கூடியவை எல்லாம் இவர்கள் இருவர் பங்கு. தச்சர் அளவெடுத்துப் பெட்டி செய்வார், அக்கா பஞ்சு வைத்து அடுக்குவாள், பிறகு அவர் முன்னால், அவள் பின்னால். ஒவ்வோர் அறையாகக் காலியானது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று மேடத்துக்குச் சந்தோஷம். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவரு போயிடுவாருடி" என்றாள் ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறக்காமல்.

"போகாதீங்கன்னு சொல்லு."

"எப்படிச் சொல்றது?"

"எப்படின்னா? வாயாலதான்!"

"இங்கேயே ஒரு வீடு பாத்துக்கிட்டு இருந்தா என்னன்னு... அப்பப்போ வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமேன்னு... அவ்வளவுதான்டி. அதுக்கு மேல ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"இதையே அப்படியே அவருகிட்ட சொல்லு. எங்கிட்ட ஒப்பிச்சு என்ன ஆகப்போகுது?"

டிபன் பாக்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "கடைசிப் பொருள் போற அன்னிக்குச் சொல்றேன்" என்றாள். எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் பாருங்கள்! கையில் பொருள் இருந்தால் அவள் வாய் திறக்க மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நாளும் வந்தது. கடைசியாக மிஞ்சியது ஒரு பறவை முட்டை. வெளிறிய நீலம், அதன்மேல் பழுப்புப் புள்ளிகள். தச்சர் அதற்கென்று மெல்லிய பலகையில் ஒரு தட்டு செய்திருந்தார். அதில் பஞ்சை விரித்து, நடுவில் முட்டை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு நின்றாள். அவர் வந்தார். நான் கவுண்டரைப் பூட்டிவிட்டுப் பின்முற்றத்துக்கு ஓடி வந்து லாரி பக்கத்தில் நின்றுகொண்டேன். நான் இல்லாமல் கூட்டம் நெரிந்துவிடும் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை.

அந்த அறையிலிருந்து லாரிக்கு வர வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் தூரம்.

"வாசல்" என்றார் தச்சர். பிறகு, "இடது" என்றார்.

அக்கா அந்தக் கட்டிடத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். இடது பக்கம் லாரி இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லாமல் இடது பக்கம் திரும்பினாள்.

கடிகாரங்கள் இருந்த அறைக்குள் போனார்கள். பறவைகள் இருந்த அறை, அடுத்துப் படகுகள் இருந்த அறை. ஒன்றிலும் ஒன்றுமில்லை. காலி அறைகளில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. "படி. இன்னொரு படி. குனியணும். வலது." அவருடைய பட்டறைக்குள்ளும் ஒரு சுற்று. திரும்ப முதல் அறை. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

"என்ன, வழி மாறிப் போயிட்டாங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம், இந்தப் பக்கக் கதவு கொஞ்சம் மக்கர் பண்ணுது, சுத்தி வராங்க" என்றேன். பொய் எனக்குச் சரளமாக வரும்.

ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு படியிலும் காலை வைத்து, அமுக்கி, பிறகு சொன்னார். அவள் முட்டையை விட்டுக் கண் எடுக்காமல் பின்னால் வந்தாள். அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையும் தட்டுக்கு அடியில் இருந்தன.

கடைசியில் முற்றத்துக்கு வந்தார்கள். "வண்டி" என்றார் அவர். லாரி ஆள் தட்டை வாங்கி, மூடி போட்டு, உள்ளே வைத்தான். அக்காவின் கைகள் தட்டைப் பிடித்த மாதிரியே நின்றன. இப்போது பேசலாம். நான் இருமினேன். கண்ணைக் காட்டினேன். காலால் தரையைத் தட்டினேன். என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், திரும்பக் காதிலேயே செருகிக்கொண்டார். "இனிமே காலைப் பாத்து நடங்க" என்றார்.

"சரி" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடு ஒன்று மோதலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. லாரி போயிற்று. அவரும் போனார்.

புதிய கிடங்குக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஓர் அறை கிடைத்தது. கீழே டயர் கடை, மேலே அறை, கட்டிடத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் மாடிப்படி. குழாய் கீழேதான். அந்தப் படியைக் கட்டிய கொத்தனார் கடைசிப் படிக்கு வந்தபோது மீதி உயரத்தையெல்லாம் அதன் தலையிலேயே கட்டிவிட்டார் போலிருக்கிறது. மற்றவற்றைவிட அது நன்றாகவே உயரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"நாள் பூரா அந்தக் குளிருக்குள்ள என் குரலை நானே கேக்கிறதில்லடி" என்றாள் ஒருநாள். "சாயங்காலம் கடைக்காரர் 'பை வேணுமா'ன்னு கேட்டா தொண்டை அடைச்சுக்குது, பதில் வரமாட்டேங்குது." தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் எடுப்பதற்கு ஒரு பொருளாவது இருக்கும், எடுத்தால் ஒரு குரல் வரும். இப்போது தனிமை என்பது தனிமை மட்டுமாக இருந்தது.

ஒரு காலையில் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். வழக்கம்போல் வாளியைக் கட்டிப்பிடித்து, ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். கண் தண்ணீர்மேல். காது, பழக்கதோஷம், முன்னால். யாரும் 'படி' என்று சொல்லவில்லை. காலைத் தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்காமல் அந்தக் கடைசிப் படியில் இடித்துக்கொண்டு சரிந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. வாளியை மட்டும் விடவில்லை. டயர் கடைக்காரர் கடை திறக்க வந்தபோது, அவள் படியில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் நான் கத்தினேன். "விழுந்தா கூப்பிட மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன்க்கா அப்படியே உக்காந்திருந்த?"

"யாருன்னு கூப்பிடறது?" என்றாள்.



மாவுக்கட்டு போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே, ஆபீசில் நம்பர் வாங்கி, அவளைக் கேட்காமலே தச்சருக்குப் போன் போட்டேன்.

"எப்படி விழுந்தாங்க?" என்றார்.

"படியில."

"எந்தப் படி?"

"மாடிப்படிதான். கடைசிப் படி. அது மட்டும் உயரம்."

"அந்தப் படியை நான் பாத்ததில்லையே" என்றார்.

போனை அக்காவிடம் நீட்டினேன். "இந்தா. இப்ப உன் கையில ஒண்ணும் இல்ல. பேசு."

போனை வாங்கினாள், இரண்டு கையாலும். காதில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். அவள் பேசமாட்டாள் என்று முடிவு செய்து நான் எழுந்திருக்கும்போது குரல் வந்தது. "படியெல்லாம் ஒரே உயரமா இல்ல. வந்து பாருங்க."

அன்றைக்கு லாரி பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். "வரேன்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

வந்தார். தோளில் கருவிப் பை. மேலே ஏறி வரவே அவருக்கு நேரம் பிடித்தது. கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றிலும் காலை வைத்து, அமுக்கிப் பார்த்து, அடுத்ததற்கு வந்தார். கடைசிப் படியில் நின்று, "ஆமா, உயரந்தான்" என்றார். அறைக்குள் கட்டிலில் இருந்த அக்கா, "ம்" என்றாள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு நாகரிகமாக வெளியே போய்விட்டேன். ரொம்ப தூரம் போகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம்தான். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டயர் கடை வாசலில் வைத்து மரம் இழைத்து, மாடிப்படி நெடுக ஒரு கைப்பிடிக் கட்டை போட்டார். சிராய்ப்பு இல்லாமல் திரும்பத் திரும்பத் தேய்த்தார். ராத்திரி டயர் கடைக்குள்ளேயே படுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் மேலே வந்து, நின்றபடியே சொன்னார்.

"மக வேலைக்குப் போறா. பேத்திய ஸ்கூல்லேருந்து நான்தான் கூட்டிட்டு வரணும். பெரிய ரோடு ஒண்ணு தாண்டணும். ரெண்டு நாளைக்குப் பாத்துக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்தேன்."

"கொழந்தைய விட்டுட்டு இருக்கக் கூடாது" என்றாள் அக்கா. "கெளம்புங்க." அவள்தான் அதைச் சொன்னாள். நான் சொல்லச் சொன்னதற்கு நேர் எதிராக.

கீழே இறங்கி, கட்டையின் அடிமுனையில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தார். "புடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்றார். பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. கைப்பிடியாம் கைப்பிடி! எதையும் இரண்டு கையால் தூக்குகிறவளுக்குக் கைப்பிடி எதற்கு? அவளுக்கு இன்னொரு கை முளைத்தால்தான் அதைப் பிடிக்க முடியும். இத்தனை வருஷம் முன்னால் நடந்த மனுஷருக்கு இதுகூடத் தெரியாதா? அதில் துண்டு காயப்போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

கட்டு பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தண்ணீர் தீர்ந்திருந்தது. "இரு, நான் எடுத்துட்டு வரேன்" என்றேன். "நீ பேசாம உக்காரு" என்று வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். முன்னால் போய் நானாவது படி சொல்லலாம் என்று எழுந்தேன். "வேண்டாம்" என்று கீழேயிருந்தே குரல் வந்தது. நான் வாசலில் நின்றேன்.

வாளியைப் பிடியில் தூக்கினாள். இடது கையில் அது தொங்கியது. வலது கையைக் கட்டையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஒரு கையால் தூக்கிப் பழக்கமில்லாதவள். வாளி ஆடி ஆடி, தண்ணீர் அவள் உடையிலும் படியிலும் கொட்டிக்கொண்டே வந்தது. முட்டையில் கீறல் விழாமல் அத்தனை அறைகளைச் சுற்றி வந்தவள்தான் இவள். கடைசிப் படியில் நின்று, கட்டையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, காலை உயர்த்தி வைத்தாள்.

"என்னடி அப்படிப் பாக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

வாளியில் பாதித் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. அதைப் பானையில் ஊற்றிவிட்டு மீதிக்காக மறுபடியும் கீழே இறங்கினாள். காலி வாளி, கனமே இல்லை, இறங்குவதற்குப் பிடிமானமும் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.